பின்னி மில் பார்க்கப் போகிறவர்களுக்கு

"வட சென்னையைச் சுற்றிப் பார்க்கணும், எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?" என்று எங்களிடம் கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கேட்பவர்கள் நல்லவர்கள்தான். 'மெட்ராஸ்' பார்த்தவர்கள், 'சார்பட்டா பரம்பரை' பார்த்தவர்கள், அடையாற்றிலும் மயிலாப்பூரிலும் பிறந்து வளர்ந்து ரயில் ஏற மட்டுமே சென்ட்ரல் வரை போய்ப் பழகியவர்கள். அண்மைக் காலமாக இன்னொரு வகையினரும் கேட்கிறார்கள்: பெரம்பூரில் பழைய பின்னி மில் நிலத்தில் எழுந்திருக்கும் அடுக்குமாடிகளில் வீடு வாங்கலாமா என்று யோசிப்பவர்கள். "ஏரியா எப்படி?" என்று கொஞ்சம் தயங்கிக் கேட்பார்கள். அந்தத் தயக்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எங்களில் பாதிப் பேர் புளியந்தோப்பிலும் பட்டாளத்திலும் பிறந்தவர்கள். படித்து, வேலை கிடைத்து, தெற்கே வந்து, இப்போது நந்தனம் பக்கம் குடியிருக்கிறோம். ஆகவே இரண்டு கரையும் தெரியும். போகிறவர்களுக்கு வழி சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறோம். ஆனால் பின்னி மில்லுக்கு வழி சொல்ல ஆரம்பித்தால் அது 1921க்கும் போகும், தியாகராய நகருக்கும் போகும், பெரும்பாக்கத்துக்கும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் இடத்திலிருந்தே தொடங்குவோம். நந்தனம் என்ற பெயரைக் கேட்டு, இது நந்தனார் நினைவாக வைத்த பெயர் என்று எங்கள் பிள்ளைகள் சிலர் நினைத்திருக்கிறார்கள். பண்டிதர் அயோத்திதாசர் நந்தனை ஒரு மன்னனாகவே எழுதியவர். அந்த நந்தனுக்கு ஒரு பேட்டை இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இது அந்தப் பெயர் அல்ல. 1952-53 நந்தன வருஷம். அந்தக் காலத்தில் உருவான குடியிருப்புக்கு ராஜாஜி வைத்த பெயர் இது. இங்கே பிரதான சந்திப்பில் நிற்பது பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரின் சிலை. இந்த ஊர் யாரை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறது என்று கவனிக்கும் பழக்கத்தை இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள். வடக்கே போனபின் உதவும்.

போவது எளிது. நந்தனம் மெட்ரோவில் ஏறினால் தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி. தாண்டி சென்ட்ரல். அங்கே மூர் மார்க்கெட் வளாகத்தில் மின்சார ரயில் பிடித்தால் பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா, அடுத்தது பெரம்பூர். வெயில் தாழ்ந்த நேரமாக இருந்தால் நாங்கள் சொல்வது 29சி பேருந்து. பெசன்ட் நகரில் கிளம்பி, அடையாறு, மயிலாப்பூர் வழியாகப் பெரம்பூர் போகும் பழைய தடம். கடற்கரைப் பங்களாக்களின் பேட்டையையும் ஆலைத் தொழிலாளியின் பேட்டையையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்துவைத்த வண்டி. மெட்ரோவில் போனால் நேரம் மிச்சம். 29சியில் போனால் நகரம் எங்கே குறுகுகிறது, எங்கே மரம் குறைகிறது, எங்கே சாக்கடை மேலே வருகிறது என்று ஜன்னல் வழியாகவே தெரிந்துவிடும்.

இறங்கியதும் எதிரே பழைய ஆலை இருக்கும், சிவப்புச் செங்கல் சுவர் இருக்கும், புகைபோக்கி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அதெல்லாம் சினிமாவில் பார்த்தது. 1996இல் ஆலை நின்றபின் பல ஆண்டுகள் அந்தக் காலிக் கூடங்கள் சண்டைக் காட்சிகளுக்குத்தான் பயன்பட்டன. நாயகன் வில்லனைத் தூக்கிப் போட்டு உடைத்த அந்தக் கூடங்களில் நம் தாத்தாக்கள் தறி ஓட்டினார்கள், பஞ்சு சுமந்தார்கள் என்று தியேட்டரில் யார் நினைத்திருப்பார்கள்? இப்போது நிலத்தின் பெரும்பகுதி தனியாருடையது. வானத்தை முட்டும் கோபுரங்கள், உள்ளே தோட்டம், வாசலில் காவலாளி. காவலாளி உங்களை நிறுத்திக் கேட்டால் கோபப்படாதீர்கள். அவருக்குச் சொன்ன வேலையை அவர் செய்கிறார். அவரிடமே கேட்டுப் பாருங்கள், எங்கிருந்து வருகிறீர்கள் அண்ணே என்று. துடைக்கிறவர், குப்பை எடுக்கிறவர், சமையலுக்கு வருகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்றும் கேளுங்கள். பழைய ஆலைக்கு வேலையாட்கள் நடந்து வந்த அதே தெருக்களின் பெயர்கள்தான் பெரும்பாலும் வரும். அன்று அவர்களுக்கு வருகைப் பதிவேடு இருந்தது, சம்பள நாள் இருந்தது, சங்கம் இருந்தது. இன்று ஒப்பந்தக்காரர் இருக்கிறார்.

இந்த இடம் எப்படி ஆலையாயிற்று என்பதை ஆலையின் பெயரிலிருந்தே படிக்கலாம். பக்கிங்ஹாம் மில் 1876இல் வந்தது, கர்நாடிக் மில் 1881இல். இரண்டையும் நடத்தியது பின்னி கம்பெனி. 1920இல் இரண்டும் ஒன்றாகி பி அண்ட் சி மில் ஆயின. 1876 என்றதும் நமக்கு ஞாபகம் வரவேண்டியது தாது வருஷப் பஞ்சம். மூன்று ஆண்டு நீடித்த அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் செத்தார்கள். நிலமில்லாத சேரி ஜனம் முதலில் செத்தது, சாகாதது நடந்தது. நடந்தவர்களில் ஒரு கூட்டம் பட்டணம் வந்து சேர்ந்தது. வந்தவர்களை வைத்துத்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாயை 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டினார்கள். அதற்குக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் சூட்டினார்கள். மயிலாப்பூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற அந்தக் கால்வாய், அரை வயிற்றுக் கூலிக்கு நம் ஜனம் வெட்டியது. ஆலைக்கும் கால்வாய்க்கும் ஒரே பெயர். இரண்டிலும் இறங்கிய கைகளுக்குப் பெயர் இல்லை.

கிராமத்தில் பண்ணையாளாகக் கிடந்தவனுக்கு ஆலை நரகம் மட்டும் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு மணி நேர வேலை, அடி உதை, அபராதம் எல்லாம் உண்டு. ஆனாலும் கையில் காசாகக் கூலி. மிராசுதாரின் களத்துமேட்டில் நின்று கைகட்டி வாங்கும் நெல் அல்ல. மேலே துண்டு போடலாம், காலில் செருப்பு போடலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம். ஆலைச் சங்கு ஊதினால் எல்லாச் சாதிக்காரனும் ஓடித்தான் ஆகவேண்டும். இந்தச் சின்னச் சின்ன விஷயங்களின் எடை நிலவுடைமைச் சாதியில் பிறந்த ஆய்வாளர்களுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. 1921ஐப் புரிந்துகொள்ள இது தெரிந்திருக்க வேண்டும்.

பின்னியின் காக்கித் துணி பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போனது. சாயம் போகாத துணி என்று பேர். அந்தத் துணியை நெய்தவர்கள் சாப்பிட மதிய இடைவேளை போதவில்லை என்று முறையிட்டபோதுதான் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1918 ஏப்ரல் 27. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று எல்லாப் புத்தகமும் எழுதும், சரிதான். செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு முன்கை எடுத்தார்கள், பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. உடன் நின்றார். 1920 டிசம்பரில் துப்பாக்கிச் சூடு, அதையொட்டி நிர்வாகம் சங்கத் தலைவர்கள்மீது உயர் நீதிமன்றம் போய் வாங்கிய தடை, அதன் எதிரொலியாக 1926இல் வந்த தொழிற்சங்கச் சட்டம். இந்தியாவில் சங்கம் வைக்கும் உரிமை சட்டமானதற்கு இந்தத் தெருக்களுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. இதை மறுப்பவர்கள் நாங்கள் அல்ல. இதே தெருக்களில் அடுத்து நடந்ததை மட்டும் ஏன் ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

அந்த ஒரு வரி இப்படித்தான் இருக்கும்: '1921 வேலைநிறுத்தத்தை ஆதிதிராவிடர்கள் உடைத்தார்கள்.' கருங்காலிகள். நூறு ஆண்டுகள் தாண்டியும் இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறோம். 1921 கோடையில் கர்நாடிக் மில்லில் தொடங்கிய பிரச்சினை ஜூனில் பக்கிங்ஹாம் மில்லுக்கும் பரவியது. சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம் தொழிலாளர்களும் பெருமளவில் வெளியேறினார்கள். ஆதிதிராவிடர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள். ஏன் போனார்கள்? முந்தைய நிறுத்தத்தில் மாதக்கணக்கில் கூலி இல்லாமல் கிடந்த கடன் இன்னும் தீரவில்லை. சாதி இந்துவுக்குச் சொந்த ஊரில் துண்டு நிலமாவது, உறவின் கடையாவது, கடன் கொடுக்கச் செட்டியாராவது இருந்தார்கள். சேரிக்காரனுக்கு ஆலை ஒன்றுதான். அதைவிட்டால் தப்பி வந்த பண்ணைக்கே திரும்ப வேண்டும். சங்கத்தின் மேடையில் அவன் ஆள் இல்லை. தன் குரல் இல்லாத சபையின் முடிவுக்குத் தன் பிள்ளைகளின் சோற்றைப் பணயம் வைக்க அவன் சம்மதிக்கவில்லை. எம்.சி. ராஜா வெளிப்படையாகவே வேலைக்குப் போகும்படி சொன்னார். இந்தப் பிளவு வெள்ளை நிர்வாகத்துக்கு லாபமாக இருந்தது, அதை அது நன்றாகவே பயன்படுத்தியது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிளவை வெள்ளைக்காரன் உண்டாக்கவில்லை. அது ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஏற்கெனவே இருந்தது. ஆலைக்குள் வந்து தொழிலாளி என்று பெயர் எழுதிக்கொண்டதால் அது மறைந்துவிடவில்லை.

ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. எரிந்தது ஆதிதிராவிடர்களின் குடிசைகள். தொடர்ந்து தாக்குதல், பதில் தாக்குதல், மறுபடி தீ. வீடிழந்த எங்கள் ஜனத்தை வியாசர்பாடியில் முகாம் போட்டு அரசு தங்கவைத்தது. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் வேலைநிறுத்தக்காரர்கள் செத்து விழுந்தார்கள். அவர்களும் உழைத்துப் பிழைத்தவர்கள்தான், அவர்களுக்காகவும் வருந்துகிறோம். அக்டோபரில் நிறுத்தம் தோற்று முடிந்தது. தோற்றது எல்லாரும்தான். பழி மட்டும் ஒருவர் தலையில் விழுந்தது.

பழி யார் போட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அப்போது மாகாண ஆட்சி நீதிக்கட்சியிடம் இருந்தது. அதன் 'ஜஸ்டிஸ்' ஏடு, தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆதிதிராவிடர்களுக்கு மிதமிஞ்சிச் செல்லம் கொடுத்ததும் கலவரத்துக்கு ஒரு காரணம் என்று எழுதியது. குடிசை எரிந்து முகாமில் கிடந்தவர்களுக்குச் செல்லம்! ஆதிதிராவிடர்களைப் பட்டணத்தைவிட்டே அகற்ற வேண்டும் என்ற கோரிக்கையும் அந்தக் கட்சித் தலைமையிடமிருந்தே வந்தது. பிட்டி தியாகராயரின் பெயரோடு சேர்த்தே அதைத் தலித் வரலாற்றாளர்கள் எழுதிவருகிறார்கள். எம்.சி. ராஜா 1923இல் அந்தக் கட்சியைவிட்டு வெளியேறியதற்கு இந்தக் காயமும் ஒரு காரணம். பார்ப்பனரல்லாதார் இயக்கத்தின் பெரிய சாதனைகளை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. வகுப்புவாரி உரிமையின் பலன் எங்களுக்கும் வந்தது. ஆனால் நண்பர்கள் வீட்டுப் பரணில் கிடக்கிற பெட்டியை நண்பர்கள்தான் திறந்து காட்ட வேண்டும். நாங்கள் திறந்தால் 'பிரிக்கிறார்கள்' என்கிறார்கள்.

இதே காலத்தில் பம்பாயில் என்ன நடந்தது என்று பார்த்தால் விஷயம் இன்னும் துலங்கும். அங்கே பருத்தி ஆலைகளில் தீண்டப்படாதவர்களை நெசவுப் பிரிவுக்குள் விடவே மாட்டார்கள். கண்டு மாற்றும்போது நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், எச்சில் தீட்டு. நெசவுப் பிரிவில்தான் கூலி அதிகம். 1928இன் பெரிய வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இதைக் கையில் எடுத்தார். முதலாளியிடம் கேட்கும் பட்டியலில் இதையும் சேருங்கள், சேர்க்காவிட்டால் எங்கள் ஆட்கள் நிறுத்தத்தில் இருக்க மாட்டார்கள் என்றார். சங்கத் தோழர்கள் முணுமுணுத்துக்கொண்டுதான் ஒப்புக்கொண்டார்கள். பத்து ஆண்டு கழித்து மன்மாடில் ரயில்வேத் தொழிலாளர்களிடையே பேசும்போது, உழைப்பவர்களின் எதிரிகள் இரண்டு, பார்ப்பனியம் ஒன்று, முதலாளித்துவம் இன்னொன்று என்ற பொருளில் சொன்னார். புளியந்தோப்பில் எரிந்த குடிசைகளுக்கும் இந்தப் பேச்சுக்கும் நடுவில் பதினேழு ஆண்டுகள். இடதுசாரித் தோழர்களுக்கு இன்னும் இது முழுதாக இறங்கவில்லை என்பது எங்கள் அபிப்பிராயம்.

இப்போது ஒரு நிமிடம் தெற்கே திரும்புங்கள். நந்தனத்திலிருந்து வெங்கட்நாராயணா சாலையில் நடந்தால் தியாகராய நகர், அதன் நடுவில் பனகல் பூங்கா. தியாகராயர் யார் என்று சொல்லிவிட்டோம். பனகல் அரசர் அந்த 1921 ஜூலையில் முதலமைச்சர் ஆனவர். எதிர்த் திசையில் சைதாப்பேட்டை நோக்கிப் போனால் பனகல் மாளிகை, அந்தப் பக்கத்திலேயே எம்.சி. ராஜா பெயரில் ஆதிதிராவிடர் கல்லூரி மாணவர் விடுதி. ஒருவருக்கு ஒரு நகரமே பெயராயிற்று. ஒருவருக்குப் பூங்காவும் மாளிகையும். நம்மவருக்கு விடுதி. அந்த விடுதியை நாங்கள் குறைவாக நினைக்கவில்லை. எத்தனை தலைமுறை கிராமத்துப் பிள்ளைகள் அங்கே தங்கி நந்தனம் கலைக் கல்லூரிக்கும் மாநிலக் கல்லூரிக்கும் போய்ப் படித்து வந்தார்கள்! நகைகள் வாங்க ரங்கநாதன் தெருப் பக்கம் போகிறவர்கள் ஒருநாள் அந்த விடுதி வாசலிலும் நின்று பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு வரலாம் என்றுதான் சொல்கிறோம்.

சரி, புளியந்தோப்பு. பெரம்பூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரலாம். நடக்க முடிந்தால் நடங்கள். ஓட்டேரி நல்லாவைத் தாண்டும்போது நின்று பாருங்கள். ஒரு காலத்தில் ஓடை. மழைக்காலத்தில் இதன் தண்ணீர் எங்கே ஏறும் என்று இங்குள்ள கிழவிகள் செங்கல் கணக்கில் சொல்வார்கள். கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்துவது இங்கே கார்த்திகை மாத வேலை. கே.பி. பார்க் அடுக்குமாடிகளைப் பாருங்கள். குடிசை மாற்று வாரியம் கட்டியவை. 2021 ஆகஸ்ட்டில், கை வைத்துத் தேய்த்தால் சுவர் உதிர்கிறது என்று குடியிருப்பவர்கள் காட்டிய வீடியோ தமிழ்நாடு முழுதும் ஓடியதே, அந்தக் கட்டடங்கள்தான். ஐ.ஐ.டி. வந்து ஆய்வு செய்தது. அடுத்த மாதமே வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே பேட்டையில், கூப்பிடு தூரத்தில், இரண்டு அடுக்குமாடிகள். ஒன்றின் சுவர் உதிராது என்பதற்கு விற்பவர் உத்தரவாதம் தருகிறார். மற்றதில் இருப்பவர் உதிர்வதைப் படம் எடுத்துக் காட்டினால்தான் அதிகாரி வருகிறார்.

இங்கே தெருவில் நடக்கும்போது சில மரியாதைகள் உண்டு. குழாயடியில் நிற்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பையன்களைப் பார்த்ததும் பையை மார்போடு அணைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் அதைக் கவனிக்கிறார்கள், பள்ளிக்கூட நாளிலிருந்தே கவனித்து வருகிறார்கள். வேலைக்கான விண்ணப்பத்தில் புளியந்தோப்பு முகவரி போட்டால் அழைப்பு வராது என்று அத்தை வீட்டு முகவரி போட்டவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். ரவுடி, கஞ்சா, கொலை என்று சினிமா காட்டியது போதும். கேரம் பலகை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள், கூட்டிப் போவார்கள். கானா எங்கே என்று கேட்காதீர்கள். சாவு வீட்டுப் பாட்டு அது, கேட்டதும் எடுத்துப் போடும் சரக்கு அல்ல.

சாயங்காலம் ஆனால் சாப்பாடு. மாநகராட்சியின் ஆட்டுத்தொட்டி இந்தப் பக்கம்தான். மாட்டுக்கறி வறுவலும் பீஃப் பக்கோடாவும் தள்ளுவண்டியில் கிடைக்கும். விலை குறைவு, காரம் அதிகம். தெற்கே ஹோட்டல்களில் இதையே தட்டில் இலை விரித்து வைத்து நாலு மடங்கு விலைக்கு விற்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று கேள்வி. சந்தோஷம். ஆனால் இதே உணவைச் சொல்லித்தான் எங்களுக்கு நந்தனத்திலும் மயிலாப்பூரிலும் வாடகை வீடு மறுக்கப்பட்டது. "வெஜிடேரியன்தானே?" என்ற கேள்விக்கு என்ன அர்த்தம் என்று வாடகைக்கு வீடு தேடிய எல்லாருக்கும் தெரியும். வியாசர்பாடி பக்கம் போனால் பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் அத்தோ கடைகள். கால்பந்து பார்க்க வேண்டும் என்றால் அதிகாலையில் போகவேண்டும். 'குட்டி பிரேசில்' என்று சும்மா சொல்லவில்லை. அங்கேதான் அம்பேத்கர் பெயரில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. 1921இல் எங்கள் ஜனத்துக்கு முகாம் போட்ட வியாசர்பாடியில் இன்று பிள்ளைகள் பட்டம் வாங்குகிறார்கள். சுற்றுலா வரைபடம் போடுபவர்கள் இதைக் குறிக்க மறந்துவிடுகிறார்கள், நீங்கள் மறக்காதீர்கள்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2023 பட்ஜெட்டில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் என்று 1,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். பிறகு தொகை இன்னும் ஏறியது. பள்ளிக்கூடம், பேருந்து நிலையம், விளையாட்டுத் திடல், குடிநீர்க் குழாய் எல்லாம் வரவேண்டும், வரட்டும். நாங்கள் கேட்பது வேறு ஒன்று. இந்த வட்டாரத்தின் சட்டமன்றத் தொகுதிக்குத் திரு.வி.க. நகர் என்று பெயர். அது தனித் தொகுதி. தலித் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதியில், பின்னி மில் ஆதிதிராவிடத் தொழிலாளியின் பெயரில் ஒரு கல்கூட இல்லை. நூற்றாண்டு வந்தது, போனது. 1918க்கு விழா எடுத்தவர்கள் 1921க்கு வாய் திறக்கவில்லை.

மும்பையைப் பாருங்கள் என்று சொன்னால் கோபம் வரக்கூடும். அங்கே ஆலை நிலங்கள் மால்களான கதை நம் கதையைவிடக் கொடியது. 1982 வேலைநிறுத்தத்தோடு இரண்டரை லட்சம் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. ஆனாலும் அங்கே இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, பழைய ஆலைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆலை நிலத்தில் வீடு தரவேண்டும் என்று போராடிச் சட்டத்தில் இடம் வாங்கினார்கள். 2012 முதல் குலுக்கல் நடத்தி வீடு கொடுக்கத் தொடங்கினார்கள். கிடைத்தது கொஞ்சம் பேருக்கு, காத்திருப்பவர் ஏராளம், ஆனால் உரிமை என்று ஒன்று எழுதப்பட்டது. இரண்டு, தாதரில் சைத்யபூமிக்குப் பக்கத்தில் கிடந்த இந்து மில் நிலம். 2011 டிசம்பர் 6 அன்று, அண்ணலின் நினைவு நாளில், நம் மக்கள் அந்த மூடிய ஆலைக்குள் நுழைந்து இது எங்களுக்கு வேண்டும் என்று உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டே பன்னிரண்டரை ஏக்கர் அம்பேத்கர் நினைவிடத்துக்கு என்று முடிவாயிற்று. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. பின்னி நிலம் கைமாறியபோது சென்னையில் நாம் கேட்கக்கூட இல்லை. கட்சிகள் கேட்கவில்லை, சங்கங்கள் கேட்கவில்லை. கோலார் தங்க வயல் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டபோதும் இப்படித்தான். வட ஆற்காட்டிலிருந்து போய்ப் பூமிக்குள் இறங்கிய நம் ஜனத்தின் சந்ததி இன்று பெங்களூருக்கு விடியற்காலை ரயில் ஏறுகிறது.

இந்த வழிகாட்டியில் கடைசி இடம் புளியந்தோப்பில் இல்லை. ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, சாலையோரம் என்று நகரத்தின் நடுவே இருந்த எங்கள் ஜனத்தைப் பார்க்க வேண்டுமானால் பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே போக வேண்டும். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2000இல் கண்ணகி நகரில் தொடங்கியது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போய்ப் பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். பெரும்பாலும் பள்ளி ஆண்டின் நடுவில். அங்கே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், எட்டு மாடி, பல நாள் ஓடாத லிஃப்ட். சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் கட்டிவிட்டு, வெள்ளத்திலிருந்து காப்பாற்றினோம் என்கிறார்கள். நந்தனத்துக்குப் பக்கத்திலேயே, ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், 2022 மே மாதம் வீடுகளை இடிக்க வந்தபோது ஒருவர் தீக்குளித்து உயிர்விட்டார். அவர் வீடு இருந்தது அந்தப் பக்கிங்ஹாம் கால்வாயின் கரையில். கால்வாயை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதன் கரையில் இருக்க உரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று.

1921இல் ஆதிதிராவிடர்களைப் பட்டணத்தைவிட்டு அகற்று என்று கேட்டவர்களுக்கு அன்று அது முழுதாக நடக்கவில்லை. வெள்ளை அரசாங்கம்கூட வியாசர்பாடி வரைதான் கொண்டுபோனது, நாலு கிலோமீட்டர்கூட இல்லை. சுதந்திர நாட்டில், சமூகநீதி பேசும் ஆட்சிகள் மாறி மாறி வந்த மாநிலத்தில், அது முப்பது கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. கண்ணகி நகர் சுவர்களில் 2020இல் பெரிய பெரிய வண்ண ஓவியங்கள் தீட்டினார்கள். அழகாக இருக்கின்றன, படம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள். நீங்களும் போவீர்கள். போனால் ஓவியத்தின் முன்னால் மட்டும் நிற்காமல் மாடி ஏறி ஏதாவது ஒரு கதவைத் தட்டி, முன்பு எங்கே இருந்தீர்கள் அம்மா என்று கேளுங்கள். சொல்லும் தெருப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தெரு இப்போது என்னவாக இருக்கிறது என்று திரும்பி வந்து பாருங்கள்.

பின்னி நிலத்தில் வீடு வாங்க நினைப்பவர்களுக்கு: ஏரியா நல்ல ஏரியா. வாங்குங்கள். குடிவந்தபின் உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் முதல் கூட்டத்தில் இரண்டு கோரிக்கை வையுங்கள். உங்களிடம் வேலை பார்க்கிறவர்கள் வருகிற வாசலும் நீங்கள் வருகிற வாசலும், ஏறுகிற லிஃப்டும் ஒன்றாக இருக்கட்டும். இன்னொன்று, உள்ளே தோட்டத்துக்கு நடுவில் ஒரு கல். 1876இலிருந்து 1996 வரை இங்கே உழைத்தவர்களுக்கு என்று எழுதி, 1921இல் வீடு எரிந்தவர்களுக்கும் சுடப்பட்டவர்களுக்கும் என்று சேர்த்து. கல்லுக்கு ஆகும் செலவை வேண்டுமானால் நாங்கள் வசூல் செய்து தருகிறோம். நிலம்தான் எங்களிடம் இல்லை.